ரீஸ்டார்ட்டுக்கு முன்னால்

2005-இல் ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷனை ப்ரொடக்‌ஷனில் ஏற்றுவது ராத்திரி வேலை. வாடிக்கையாளர் லண்டனில் இருந்தாலும் சரி, கிண்டியில் இருந்தாலும் சரி, அவர்களுடைய ஆட்கள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் சர்வரில் கை வைக்க முடியும். ரிலீஸ் இருக்கும் சனிக்கிழமைகளில் எங்கள் டீமில் யாரும் கல்யாணம் காட்சிக்கு வருவதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இருபது பக்க வேர்டு ஆவணம் ஒன்றை பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்வோம். ஒருவர் வரி வரியாக வாசிப்பார், இன்னொருவர் புட்டி (PuTTY) திரையில் டைப் அடிப்பார். முடிந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக்.

டாம்கேட் சர்வரை நிறுத்து. நின்றுவிட்டதா என்று பார். இந்த இரண்டாவது வரியை யாரும் தாண்டிப் போக விடமாட்டார் எங்கள் லீட். ஷட்டவுன் ஸ்கிரிப்ட் 8005 போர்ட்டுக்கு ஒரு சொல்லை அனுப்பிவிட்டுத் திரும்பிவிடும். சர்வர் நிஜமாகவே செத்ததா என்று அது பார்ப்பதில்லை. அப்ளிகேஷன் தானாகக் கிளப்பிய ஒரு த்ரெட் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் ஜேவிஎம் போகாது. ப்ராசஸ் பட்டியலில் தேடி, மிச்சம் இருந்தால் கொன்றுவிட்டுத்தான் அடுத்த வரி. இல்லையென்றால் புதிது எழும்போது, 8080 போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்று விழுந்துவிடவும் கூடும். அதே மெஷினில் யாராவது ஆரக்கிள் 10ஜி எக்ஸ்பிரஸ் போட்டிருந்தாலும் இதே கதைதான், அதன் வெப் பக்கமும் 8080-இல்தான் உட்கார்ந்திருக்கும்.

பிறகு வெப்ஆப்ஸ் ஃபோல்டர். பழைய வார் ஃபைலை அழித்தால் போதாது. அது விரிந்து உண்டான ஃபோல்டரையும் அழிக்க வேண்டும். அந்தக் காலத்து டாம்கேட், விரிந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால் புது வாரைத் திறந்தே பார்க்காது. புதுசு போட்டாயிற்று என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, திரையில் பழைய பக்கமே வரும். ஒர்க் ஃபோல்டரில் கம்பைல் ஆகிக் கிடக்கும் ஜேஎஸ்பிகளையும் துடைக்க வேண்டும். வாரை எஃப்டிபியில் அனுப்பியிருந்தால் பைனரி மோடில்தான் அனுப்பினோமா என்று செக்சம் பார்க்க வேண்டும். ஆஸ்கி மோடில் போன வார் ஃபைலின் அளவு பார்வைக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கும், ஆனால் உள்ளே திறக்காது.

அந்த ஆவணத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய விடிந்துபோன ராத்திரி இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே விலகிப் போனவர்கள் எழுதிய வரிகள்கூட அதில் உண்டு. ஜாவா சர்வரைப் பற்றி நான் முதலில் கற்றது எந்தப் புத்தகத்திலிருந்தும் இல்லை, அந்த இருபது பக்கத்திலிருந்துதான்.

இன்று அதே அப்ளிகேஷன் பகல் பதினொரு மணிக்கு ஏறுகிறது. கோடு மெர்ஜ் ஆனதும் பைப்லைன் ஓடி, டாக்கர் இமேஜ் ஒன்றைக் கட்டி, குபர்நெட்டிஸிடம் கொடுத்துவிடும். புது பாட் ஒவ்வொன்றாக ஏற, பழையது ஒவ்வொன்றாக இறங்கும். உபயோகிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. விரிந்த ஃபோல்டர், ஒர்க் ஃபோல்டர், மிச்சமிருக்கும் ப்ராசஸ் என்று எந்தத் தொல்லையும் இல்லை, ஒவ்வொரு முறையும் எல்லாமே புதிதாகப் பிறக்கிறது. ஸ்பிரிங் பூட் 2014-இல் வந்தபோது டாம்கேட்டையே அப்ளிகேஷனின் ஜாருக்குள் வைத்துக் கட்டிவிட்டது. சர்வர் என்று தனியாக ஒன்றை நிறுவி, அதற்குள் அப்ளிகேஷனைக் கொண்டுபோய் வைக்கும் ஏற்பாடே மெதுவாக மறைந்துகொண்டிருக்கிறது. இது நல்லது, ஐயமே இல்லை. அந்த சனிக்கிழமைகளுக்காக ஏங்கி நான் இதை எழுதவில்லை.

பழைய ஏற்பாட்டின் மோசமான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய டாம்கேட் 1999-இல் அப்பாச்சிக்குக் கொடுக்கப்பட்டது. இலவசம், எடை குறைவு, அதனால் டெவலப்பர்கள் எல்லோருடைய மெஷினிலும் அதுதான். பணம் கொடுத்து வாங்கும் நிறுவனங்களிலோ பிஇஏ-வின் வெப்லாஜிக், ஐபிஎம்மின் வெப்ஸ்பியர். ஒரே வார் ஃபைல் எதிலும் ஓடும் என்பது ஜே2ஈஈ தந்த வாக்கு. ஓடும்தான், க்ளாஸை எங்கிருந்து எடுக்கிறது என்ற ஒரு விஷயத்தில் இடறும் வரை. டாம்கேட் முதலில் அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் ஃபோல்டரில் தேடும். வெப்லாஜிக் முதலில் தன்னிடம் தேடும். ஹைபர்நேட் 3 உபயோகித்தவர்களுக்கு இது எப்படி வெடித்தது என்று நினைவிருக்கும். டெவலப்பர் மெஷினில் ஒழுங்காக ஓடிய க்வெரி, வெப்லாஜிக்கில் ஏறியதும் ஹெச்கியூஎல்டோக்கன் என்ற க்ளாஸைக் காணோம் என்று நிற்கும். அந்த க்ளாஸ் ஜாருக்குள் பத்திரமாக இருக்கும். காரணம் வேறு. வெப்லாஜிக் தன் வயிற்றில் வைத்திருந்த ஆன்ட்லர் லைப்ரரி முதலில் லோடாகிவிடும். மேல் மட்டத்தில் லோடான ஆன்ட்லருக்குக் கீழே அப்ளிகேஷனுக்குள் இருக்கும் ஹைபர்நேட் கண்ணுக்குத் தெரியாது. 'வெர்போஸ் க்ளாஸ்' என்ற ஆப்ஷனைப் போட்டு ஜேவிஎம்மைக் கிளப்பினால், எந்த க்ளாஸ் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று ஆயிரக்கணக்கான வரிகளில் எழுதிக்கொண்டே போகும். அதில் ஆன்ட்லர் என்று தேடிப் பிடித்த அன்றைக்குத்தான் க்ளாஸ்லோடர் எனக்குப் புரிந்தது. சர்வர் அப்ளிகேஷனோடு சேர்ந்தே பயணம் செய்யும் இன்றைய ஏற்பாட்டில் இந்தச் சண்டை பெரும்பாலும் இல்லை.

லாக் விஷயமும் அப்படித்தான். டாம்கேட்டில் அப்ளிகேஷன் ஏறாமல் போனால் கேட்டலினா.அவுட்டில், "முந்தைய பிழைகளால் கான்டெக்ஸ்ட் தொடங்கவில்லை" என்கிற பொருளில் ஒரே ஒரு வரி இருக்கும். முந்தைய பிழை எது என்று மேலே தேடினால் கிடைக்காது. அது பக்கத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று தேதியோடு கிடக்கும் வேறொரு ஃபைலில் இருக்கும். இது தெரியாமல் ஒரு முழு ராத்திரியைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு பிரச்சினை வந்தால் தடயம் இருக்கும். அதுதான் என் பேச்சு. மெஷின் அங்கேயே நிற்கும், லாக் அங்கேயே கிடக்கும், தொங்கிப்போன ப்ராசஸ் தொங்கியபடியே நமக்காகக் காத்திருக்கும். அவசரப்பட்டு ரீஸ்டார்ட் அடிக்கும் வரை.

ஒரு நிறுவனத்தின் அப்ளிகேஷன் திங்கட்கிழமை காலைகளில் பதினொரு மணிவாக்கில் அப்படியே உறைந்துவிடும். சிபியூ சும்மா இருக்கும், மெமரியில் குறையில்லை, லாக்கில் எர்ரர் கிடையாது. பிரிட்ஜ் காலில் வாடிக்கையாளர் பக்கத்து மேனேஜர், எங்கள் மேனேஜர், நெட்வொர்க் ஆள், டிபிஏ எல்லோரும் இருப்பார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்: "சர்வரை பவுன்ஸ் பண்ணிடலாமா?" பவுன்ஸ் பண்ணினால் சரியாகிவிடும். இரண்டு மணி நேரம் ஓடும். மறுபடி உறையும்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் லீட், "சார், அஞ்சு நிமிஷம் கொடுங்க, அப்புறம் நானே பவுன்ஸ் பண்றேன்" என்றார். கில் மைனஸ் 3 என்று அடித்தார். வாடிக்கையாளர் பக்கத்தில் பதறினார்கள். மூன்றாம் எண் சிக்னல் ஜேவிஎம்மை ஒன்றும் செய்யாது, ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்று கேட்டலினா.அவுட்டில் எழுதச் சொல்லும், அவ்வளவுதான் என்று பொறுமையாக விளக்கினார். பத்துப் பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுத்தார். ஒரு டம்ப் மட்டும் பார்த்தால் யார் நிற்கிறார், யார் போய்க்கொண்டிருக்கிறார் என்று தெரியாது. மூன்றிலும் அதே வரியில் இருப்பவர்தான் நிற்கிறவர்.

திறந்து பார்த்தோம். 150 த்ரெட். ஏறக்குறைய எல்லாமே ஒரே வரியில்: கனெக்‌ஷன் பூலிடம் கனெக்‌ஷன் கேட்டுவிட்டுக் காத்திருக்கின்றன. லீட் டிபிஏவிடம் கேட்டார், "உங்க பக்கம் எங்க யூசர்ல எத்தனை கனெக்‌ஷன் இருக்கு?"

"எட்டு இருக்கு சார். எட்டுமே சும்மாதான் கிடக்கு, ஒரு க்வெரியும் ஓடல."

அந்த ஒரு பதிலில் இரண்டு விஷயம் இருந்தது. முதலாவது, அந்த எட்டு. நாங்கள் கேட்டிருந்தது ஐம்பது. எட்டு என்பது அப்போதைய டிபிசிபி பூலில் எதையும் எழுதாமல் விட்டால் கிடைக்கும் எண். கன்ஃபிக் ஃபைலைப் பார்த்தால், மேக்ஸ்ஆக்டிவ் என்ற பெயரில் நடுவில் பெரிய ஏ வர வேண்டிய இடத்தில் யாரோ சின்ன ஏ போட்டிருந்தார்கள். தெரியாத பெயர் என்று பூல் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுத் தன் எட்டையே வைத்துக்கொண்டது.

இரண்டாவது விஷயம்தான் பெரியது. எட்டு கனெக்‌ஷனும் வேலையாக இருந்து மற்றவர்கள் காத்திருந்தால் அது பற்றாக்குறை. எட்டும் சும்மா கிடக்க, 150 பேர் காத்திருக்கிறார்கள் என்றால், வாங்கியவர் யாரோ திருப்பிக் கொடுக்கவில்லை. டீக்கடையில் எட்டே டம்ளர். குடித்தவர்கள் அதைக் கையில் வைத்தபடியே வீட்டுக்குப் போய்விட்டால் கடைக்காரர் பாலைக் காய்ச்சிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். திங்கட்கிழமை காலையில் மட்டும் எல்லோரும் எடுக்கும் வாராந்திர ரிப்போர்ட் ஒன்று இருந்தது. அதில் டேட்டா இல்லாத கிளைக்கு ஒரு எக்ஸப்ஷன் வரும், வந்தால் கனெக்‌ஷனை மூடும் வரியைத் தாண்டிப் போய்விடும். பூலில் லாக்அபாண்டன்ட் என்ற ஆப்ஷனைப் போட்டதும், கைவிடப்பட்ட கனெக்‌ஷனை யார் வாங்கியது என்று வரி எண்ணோடு லாக்கில் வந்தது.

எட்டை ஐம்பதாக மட்டும் மாற்றியிருந்தால் பதினொரு மணிக்கு உறைவது மாலை நாலு மணிக்கு உறைந்திருக்கும். எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள். எழுத்துப்பிழைதான் காரணம் என்று டிக்கெட்டையும் மூடியிருப்பார்கள். பாதிக் காரணம் கிடைத்ததும் நின்றுவிடாதே என்பதை அந்த லீட் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அன்றைக்குச் செய்து காட்டினார்.

பின்னால் டாம்கேட் 8 வந்தபோது மேக்ஸ்ஆக்டிவ் என்ற ஆப்ஷனின் பெயரே மேக்ஸ்டோட்டல் என்று மாறியது. பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு ஏற்றியவர்களுக்கு மீண்டும் அதே எட்டு. இப்போது பலரும் உபயோகிக்கும் ஹிகாரி பூல் இதில் எவ்வளவோ தேவலை. எதுவும் எழுதாமல் விட்டால் பத்து கனெக்‌ஷன், ஆனால் முப்பது விநாடிக்கு மேல் கிடைக்காவிட்டால் பளிச்சென்று எர்ரரை எறிந்துவிடும். பழைய பூலோ எதுவும் எழுதாமல் விட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும். அதனால்தான் அந்த லாக் அத்தனை மௌனமாக இருந்தது.

இதே பிரச்சினை இன்று வந்தால் என்ன நடக்கும்? த்ரெட்கள் எல்லாம் காத்திருக்கும்போது, குபர்நெட்டிஸ் பத்து விநாடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறாயா" என்று கேட்கும் லைவ்னஸ் ப்ரோபுக்கும் பதில் சொல்ல ஆள் இருக்காது. எதையும் மாற்றாத அமைப்பில் மூன்று முறை பதில் வராவிட்டால் கன்டெய்னரை அதுவே கொன்று, புதிதாகக் கிளப்பிவிடும். பிரிட்ஜ் காலும் இல்லை, பவுன்ஸ் பண்ணலாமா என்று கேட்க ஆளும் இல்லை. எங்கள் லீட் கெஞ்சி வாங்கிய அந்த அஞ்சு நிமிஷத்தைக் குபர்நெட்டிஸிடம் யாரும் கேட்க முடியாது. திருப்பித் தராத கனெக்‌ஷன்கள் ப்ராசஸோடு போய்விடும், மறுபடி சேரும், மறுபடி போகும். பாட் பட்டியலில் 'ரீஸ்டார்ட்ஸ்' என்ற பத்தியில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் பத்தியில் முன்னூறுக்கு மேல் எண் இருக்க, "அது எப்பவுமே அப்படித்தான்" என்று சொல்லப்பட்ட அப்ளிகேஷன்களைப் பார்த்திருக்கிறேன். முன்னூறு முறை செத்த ஒன்றை ஒரு முறைகூட யாரும் திறந்து பார்க்கவில்லை. எனக்கு இது மனதை உறுத்துகிறது. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒரு குறை இல்லாமல் போய்விடாது. அப்படி ஒரு ரீஸ்டார்ட்டின் நடுவில் மாட்டிக்கொண்ட யாரோ ஒருவருடைய பணப் பரிமாற்றம் பாதியில் நின்றிருக்கும்.

இப்போது என்னோடு வேலை செய்யும் ஒரு பெண், கல்லூரி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகிறது, ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இந்த பாட் மதியத்துக்கு மேல திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகுது. லாக்ல ஒண்ணுமே இல்ல."

"இப்ப ஓடற கன்டெய்னரோட லாக்கா, செத்ததோட லாக்காம்மா?"

செத்ததன் லாக்கைக் கேட்டு வாங்க 'ப்ரீவியஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருப்பது அவளுக்குத் தெரியும், அதையும் பார்த்திருந்தாள். அதிலும் எர்ரர் இல்லை. நடுவில் ஒரு சாதாரண வரியோடு லாக் அறுந்திருந்தது. எக்ஸிட் கோடு 137.

137 என்றால் 128-உம் 9-உம். ஒன்பதாம் எண் சிக்னல் வந்தால் எந்த ப்ராசஸுக்கும் கடைசி வார்த்தை பேச அவகாசம் கிடையாது. ஜேவிஎம் தானாக மெமரி போதாமல் விழுந்திருந்தால் அவுட் ஆஃப் மெமரி என்று எழுதிவிட்டுப் போயிருக்கும், சொல்லி வைத்திருந்தால் ஹீப் டம்பும் எடுத்திருக்கும். இங்கே ஜேவிஎம்முக்குத் தன்னிடம் குறை இருப்பதே தெரியாது. லினக்ஸ் கெர்னல் வெளியிலிருந்து கொன்றிருக்கிறது.

அடிப்படை இமேஜைப் பார்க்கச் சொன்னேன். ஜாவா 8, அதிலும் 2018 அக்டோபருக்கு முந்தையது, அதாவது 191-ஆம் அப்டேட்டுக்கு முன்னால். அந்த ஜேவிஎம்முக்குத் தான் ஒரு கன்டெய்னருக்குள் இருப்பது தெரியாது. ஹீப் இவ்வளவு என்று சொல்லாவிட்டால் மெஷினின் மெமரியில் கால்வாசியை எடுத்துக்கொள்ளலாம் என்று அது வைத்துக்கொள்ளும். கீழே இருந்த மெஷின் 64 ஜிபி. எனவே தனக்கு 16 ஜிபி வரை உரிமை என்று அது நம்பிக்கொண்டிருந்தது. கன்டெய்னருக்குக் கொடுத்திருந்ததோ 2 ஜிபி. காலையில் கூட்டம் குறைவு, தாங்கியது. மதியம் ஹீப் வளர்ந்ததும் கெர்னல் கை வைத்தது.

"அப்ப லிமிட்டை நாலு ஜிபி ஆக்கிட்டா போதுமாண்ணா?"

"ஆக்கலாம். ரெண்டு மணிக்குச் சாகறது அஞ்சு மணிக்குச் சாகும்."

சிரித்துவிட்டாள், புரிந்துவிட்டது. புது இமேஜ் போட்டு, கன்டெய்னர் மெமரியில் 75 சதவீதம் ஹீப்புக்கு என்று எழுதினாள். நூறு ஏன் கூடாது என்று கேட்டாள். ஹீப்புக்கு வெளியிலும் ஜேவிஎம்முக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்குக்கும் 64-பிட் லினக்ஸில் 1 எம்பி வரை, க்ளாஸ்களுக்கு மெட்டாஸ்பேஸ். மெட்டாஸ்பேஸ் என்றதும் பெர்ம்ஜென் கதையைச் சொன்னேன். 2014-இல் ஜாவா 8 வரும் வரை க்ளாஸ்களுக்கு என்று ஒரு தனி அறை இருந்தது, சின்ன அறை. சர்வரை நிறுத்தாமல் வாரை மட்டும் மாற்றி மாற்றி ஏற்றினால், பழைய அப்ளிகேஷனின் க்ளாஸ்கள் வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடும். வெளியேறாததற்குக் காரணம் பெரும்பாலும் ஜேடிபிசி டிரைவர்தான். அது ஜேவிஎம் முழுமைக்கும் பொதுவான டிரைவர்மேனேஜரில் தன் பெயரைப் பதிந்துவிட்டு, போகும்போது எடுக்காமல் போய்விடும். அந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அப்ளிகேஷன் மொத்தமும் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். டாம்கேட் 6-இல் ஒரு கட்டத்திலிருந்து அது தானே கவனித்து, பெயரை எடுத்துவிட்டு, லாக்கில் ஒரு குறிப்பும் எழுத ஆரம்பித்தது. அந்தக் குறிப்பு எத்தனையோ பேரை மீட்டது.

அவள் அதையெல்லாம் பழங்கதையாகக் கேட்டுக்கொள்ளவில்லை. "அப்ப நம்ம சர்வீஸ்ல மெட்டாஸ்பேஸ் ஏறிக்கிட்டே போறதும் இப்படி ஏதாவது இருக்குமோ?" என்று கிராஃபைத் திறந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் நான் கதை சொல்வது.

இன்னொன்றையும் அவளோடு சேர்ந்துதான் பார்த்தேன். அதற்கு முன்கதை உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பதிப்பகத்தின் நூல் பட்டியலுக்கான அப்ளிகேஷனுக்கு சப்போர்ட் செய்துகொண்டிருந்தோம். புத்தகத்தைச் சேர்க்கும் ஃபாரத்தில் தமிழ் ஒழுங்காகப் பதிவாகும். தேடினால் வராது. 'திருக்குறள்' என்று அடித்தால் பூஜ்யம் முடிவுகள், தேடல் பெட்டியில் ஏதேதோ குறிகள். தலையில் சாய்கோடு போட்ட ஒரு ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் அல்லது மேலே ஒரு சின்னக் கோடு, பிறகு ஏதோ ஒன்று. மறுபடி அதே ஏ. ஆறெழுத்துச் சொல் அது. யூனிகோடில் புள்ளியும் கொக்கியும் தனித்தனி என்பதால் 11 குறியீடுகள். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் ஒன்றே. ஆக 33 பைட். அந்த 33-ஐயும் ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படித்தால், மூன்றுக்கு ஒருமுறை அந்த சாய்கோட்டு ஏ திரும்பத் திரும்ப வரும்.

அந்த மாதிரி குறிகளைக் கண்டால் நான் நிம்மதி அடைவேன். பைட்கள் பத்திரமாக இருக்கின்றன, படித்த விதம்தான் தப்பு என்று அர்த்தம். கேள்விக்குறி வந்தால்தான் கவலை. எங்கோ ஓரிடத்தில் தமிழே தெரியாத அட்டவணைக்குள் தமிழை எழுத முயன்று, முடியாமல் கேள்விக்குறியைப் போட்டுவிட்டார்கள், மூலம் போய்விட்டது.

ஃபாரம் சரியாக, தேடல் மட்டும் தப்பாக ஏன்? ஃபாரம் போஸ்ட்டில் போகிறது, எழுத்துவகையைச் சொல்ல அப்ளிகேஷனில் ஒரு ஃபில்டர் இருந்தது. தேடல் கெட்டில், அதாவது முகவரியோடு ஒட்டிப் போகிறது. முகவரியை டாம்கேட்டின் கனெக்டரே பிரித்துவிடும், ஃபில்டர் அங்கே எட்டாது. சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கனெக்டர் வரியில் யூஆர்ஐஎன்கோடிங் என்று யூடிஎஃப்-8-ஐ எழுத வேண்டும். அவ்வளவுதான் பரிகாரம். ஆனால் அந்த சர்வர் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் கையில் இருந்தது, சர்வர்.எக்ஸ்எம்எல்லைத் தொட அனுமதி கிடைக்கவில்லை. அப்ளிகேஷனை எழுதிய குழு வேறு வழி செய்தது. வந்த சரத்தை ஐஎஸ்ஓ-8859-1 பைட்டுகளாக மாற்றி, அவற்றை யூடிஎஃப்-8 என்று மறுபடி படிக்கும் ஒரு வரி. தப்பாகப் படித்ததைத் திருப்பிப் படிப்பது. வேலை செய்தது.

அந்த அப்ளிகேஷன் டாக்கருக்குள் போனபோது டாம்கேட் 9 ஆகிவிட்டது. டாம்கேட் 8-இலிருந்தே முகவரிக்கு யூடிஎஃப்-8தான் இயல்பு. யாரும் எதையும் எழுத வேண்டியதில்லை, நல்ல மாற்றம். ஆனால் அந்தப் பழைய வரி உள்ளே அப்படியே இருந்தது. தேடல் மறுபடி உடைந்தது.

"இமேஜ்ல லோக்கேல் சரியில்லைன்னு நினைக்கிறேன். ஃபைல் என்கோடிங் செட் பண்ணிப் பாக்கட்டுமா?" என்றாள். நியாயமான ஊகம். ஜாவா 18-க்கு முன்னால் ஜேவிஎம்மின் இயல்பான எழுத்துவகை இயங்கும் இடத்தைப் பொறுத்தது, சின்ன டாக்கர் இமேஜ்களில் அது பலமுறை தமிழைக் கெடுத்திருக்கிறது.

"பண்றதுக்கு முன்னால திரையில என்ன வருதுன்னு எண்ணிப் பாரும்மா."

எண்ணினாள். கேள்விக்குறிகள். பதினொன்று.

"33 இல்லண்ணா, 11. அப்ப சரியாப் படிச்ச தமிழைத்தான் யாரோ மறுபடி ஐஎஸ்ஓ-ல எழுதப் பாக்கறாங்க."

சோர்ஸில் கெட்பைட்ஸ் என்று தேடினாள். தேடல் பக்கத்தில் ஒன்று, ஆசிரியர் பெயரால் வடிகட்டும் இடத்தில் ஒன்று, பிடிஎஃப் ஏற்றுமதியில் ஒன்று. மூன்றையும் எடுத்தாள். 'திருக்குறள்' என்று தேடி ஒரு முடிவாவது வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட்டை பைப்லைனில் சேர்த்தாள். கமிட் குறிப்பில் அந்த வரி ஏன் ஒரு காலத்தில் தேவைப்பட்டது, இப்போது ஏன் தேவையில்லை என்று நான்கு வரி எழுதினாள். மூன்று மணிக்கு முன்பே புதுப் பதிப்பு ஏறிவிட்டது.